கறுப்புத் திரை பழுதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த திகில் படப் பட்டியலில், 1961-இல் வெளியான 'தி இன்னசன்ட்ஸ்' என்ற பிரிட்டிஷ் படத்துக்கும் இடம் கிடைத்திருந்தது கண்டு மகிழ்ந்தோம். ஆனால் அதற்குத் தரப்பட்டிருந்த இரண்டு வரிகளில், பழைய பேய்ப்படம், மெதுவாகப் போகும், பயம் குறைவு என்ற தீர்ப்பு இருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டோம். இந்தப் படம் நம் ஊர்களில் எப்படிக் காட்டப்படுகிறது, வீட்டு டிவியில் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பது திரையிடலிலும் சப்டைட்டில் வேலையிலும் இருக்கும் எங்களுக்குத் தெரியும். இரு ஓரங்களையும் வெட்டி, வெளிச்சத்தை ஏற்றி, நடுவில் இடைவேளை விட்டுப் போட்டால் இந்தப் படத்தில் பயம் இருக்கவே இருக்காது. அது ஏன், எப்படித் தவிர்ப்பது என்று சொல்லவே இந்தக் கடிதம்.

ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' என்ற குறுநாவல்தான் மூலம். அதை வில்லியம் ஆர்ச்சிபால்டு நாடகமாக்கினார். படத்தின் திரைக்கதையில் அவருடன் ட்ரூமன் கபோட்டியும் வேலை செய்தார். இயக்கம் ஜாக் கிளேட்டன். ஒரு பெரிய மாளிகை, பெற்றோரை இழந்த அண்ணன் தங்கை, அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் மிஸ் கிடன்ஸ் என்ற ஆசிரியை. இறந்துபோன வேலைக்காரன் குவின்ட்டும், முந்தைய ஆசிரியை ஜெசெலும் அவள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். நிஜமாகவே தெரிகிறார்களா, அவள் மனம் காட்டுகிறதா? படம் பதில் சொல்லாது. ஒரு காட்சி தராசை இந்தப் பக்கம் சாய்த்தால், அடுத்த காட்சி அந்தப் பக்கம் ஒரு எடையை வைக்கும். முள் நடுவிலேயே நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நடுக்கம்தான் பயம். காட்டுகிறவர் தெரியாமல் ஒரு பக்கம் கை வைத்துவிட்டால் படம் அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் ஆரம்பத்தைச் சொல்கிறோம், தவறு பெரும்பாலும் அங்கேயே தொடங்குவதால். படம் கறுப்புத் திரையில் தொடங்குகிறது. படமும் இல்லை, எழுத்தும் இல்லை, ஒரு குழந்தைக் குரல் மட்டும் பாடுகிறது. தயாரிப்பு நிறுவனத்தின் சின்னமே அதற்குப் பிறகுதான் வருகிறது. கேபினில் இருப்பவருக்கு இது முன்கூட்டித் தெரியாவிட்டால், புரொஜெக்டர் ஷட்டர் திறக்கவில்லை என்றோ கோப்பு கெட்டுவிட்டது என்றோ நினைத்து நிறுத்துவார், அல்லது முன்னே ஓட்டிவிடுவார். அரங்கிலும் இதே கதைதான். படம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று எண்ணி ஆட்கள் செல்போன் வெளிச்சத்தில் இருக்கை தேடுகிறார்கள். அந்தப் பாட்டு படம் நெடுக முணுமுணுப்பாகத் திரும்பத் திரும்ப வரும். முதல்முறை இருட்டில் தனியாகக் கேட்டவருக்கே அது பின்னால் வேலை செய்யும். ஆகவே கதவை 5 நிமிடம் முன்பே அடைத்துவிடுங்கள், விளக்கை முழுக்க அணைத்த பிறகே கோப்பை ஓடவிடுங்கள், கேபினில் "கறுப்புத் திரை பழுதல்ல" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது அகலம். படம் சினிமாஸ்கோப், அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 2.35-க்கு 1. கறுப்பு வெள்ளையில் ஸ்கோப் என்பது நம் பார்வையாளர்களுக்குப் பழக்கமில்லாத சேர்க்கை. தமிழுக்கு ஸ்கோப் வந்ததே 1973-இல் 'ராஜராஜ சோழன்' படத்துடன், அதுவும் வண்ணத்தில். இந்தப் படத்துக்கு ஸ்கோப் வேண்டும் என்று வற்புறுத்தியது ஃபாக்ஸ் நிறுவனம். இயக்குநருக்கு அதில் விருப்பமில்லை. இரண்டு மூன்று பேர் மட்டும் நடமாடும் ஒரு மூச்சுமுட்டும் கதைக்கு இவ்வளவு அகலம் எதற்கு? ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் இதற்கு ஒரு வழி கண்டார். லென்ஸின் முன் வைக்கும் ஃபில்டர்களின் இரு ஓரங்களிலும் கையாலேயே வண்ணம் தீட்டி, ஃபிரேமின் விளிம்புகளை இருட்டுக்குள் அமிழ்த்தினார். நடுவில் ஒரு முகம், அல்லது ஒரு மெழுகுவர்த்தி. இரு பக்கமும் பார்வை எட்டாத இருள். அந்த இருளில் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் பார்ப்பவருக்குத் தானாக வரும். படத்தின் பாதிப் பேய்கள் அந்த ஓரங்களில்தான் குடியிருக்கின்றன, ஒன்றுகூடத் தென்படாமலே.

இதை 16-க்கு 9 டிவியை நிரப்புவதற்காகப் பெரிதாக்கினால் அகலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். பழைய 4-க்கு 3 நகலாக இருந்தால் 43 சதவீதம் போகும். போவது ஃபிரான்சிஸ் கைப்பட இருட்டாக்கிய அந்த ஓரங்கள்தான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே, திரை வீணாகிறதே என்று ஜூம் பொத்தானை அழுத்துகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்: அந்தப் பட்டையை விட்டுவிடுங்கள். அரங்கில் காட்டும்போது படத்தின் மேல், கீழ் விளிம்புகள் வரை கறுப்பு மாஸ்கிங் துணியை இறக்கி, ஏற்றி ஒட்டி நிறுத்துங்கள். துணி இல்லையென்றால் பட்டைப் பகுதி சாம்பல் நிறத்தில் ஒளிரும். பக்கத்தில் சாம்பல் இருக்கும்போது கண் எந்தக் கறுப்பையும் கறுப்பாக எடுத்துக்கொள்ளாது.

கறுப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். இந்தப் படத்தில் கிட்டத்தில் இருக்கும் முகமும் கூடத்தின் கடைசியில் இருக்கும் கதவும் ஒரே கூர்மையில் தெரியும். அதற்கு லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். மூன்று படி சுருக்கினால் எட்டு மடங்கு ஒளி தேவை. அதனால் மெழுகுவர்த்தி வெளிச்சம் போலத் தெரியும் காட்சிகள் உண்மையில் பெரும் விளக்குகளின் வேலை. மெழுகுவர்த்திகளில்கூட நான்கைந்து திரிகளைச் சேர்த்து முறுக்கி வைத்தார்கள், சுடர் எடுப்பாகத் தெரிவதற்காக. இத்தனை பாடுபட்டு வைத்த ஒளி, இருள் அளவுகளை ஒரே ஒரு தவறான அமைப்பு தூக்கிக் குப்பையில் போட்டுவிடும்.

சிறு அரங்குகளில் மிக அதிகமாக நடப்பது இது. லேப்டாப்பிலிருந்து கேபிள் போட்டுப் புரொஜெக்டரில் காட்டுகிறார்கள். வீடியோவில் கறுப்பு என்பது 16 என்ற எண்ணில் தொடங்கி வெள்ளை 235-இல் முடியும். கணினிக்குக் கறுப்பு 0, வெள்ளை 255. ஒரு கருவி ஒரு கணக்கிலும் மற்றது இன்னொரு கணக்கிலும் இருந்தால், ஒன்று இருட்டு முழுவதும் சாம்பல் பூத்துப்போகும், இல்லையென்றால் நிழலில் இருக்கும் நுணுக்கமெல்லாம் மொத்தமாகக் கறுப்பில் மூழ்கும். முதல் வகையில் ஜன்னலுக்கு வெளியே ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். இரண்டாம் வகையில் ஆள் வந்ததே தெரியாது. இரண்டு கருவியின் அமைப்பையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்த பிறகு, கறுப்புக்குச் சற்று மேலான பட்டைகள் உள்ள ஒரு சோதனைப் படத்தைப் போட்டு, அவற்றில் மிக மங்கலானது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இடத்தில் பிரைட்னஸை நிறுத்துங்கள். அறையின் விளக்கை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். விளக்கு எரியும்போது சரிபார்த்தால் எப்போதும் அதிகமாகத்தான் வைப்போம்.

டிஜிட்டல் திரையரங்குகளில் வெள்ளையின் அளவு 48 நிட் (பிரகாசத்தின் அலகு) இருக்க வேண்டும் என்பது தரம். புரொஜெக்டரின் செனான் விளக்கு பழசாகப் பழசாக ஒளி பாதிக்கு அருகே இறங்கிவிடும். பகட்டான வண்ணப் படத்தில் அது தெரியாமல் போகலாம். இந்தப் படத்தில் உடனே தெரியும். விளக்கின் ஓடிய நேரத்தைப் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள்.

படத்தொகுப்பாளர் ஜிம் கிளார்க் செய்த ஒரு காரியம் நகலின் தரத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டது. ஒரு காட்சி கரைந்து மறுகாட்சி எழும் டிசால்வ்கள் இதில் வழக்கத்தைவிட மிக நீளம். இரண்டு பிம்பம் மட்டும் இல்லை, மூன்று நான்கு பிம்பங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மிதக்கும். தூங்குகிறவளின் முகம், கூப்பிய கைகள், மாளிகை. இவற்றில் எது நடந்தது, எது அவள் நினைப்பு என்று பிரிக்க முடியாது. குறைந்த பிட்ரேட்டில், அதாவது அளவுக்கு மீறிச் சுருக்கி, இணையத்தில் கிடைக்கும் நகலில் இந்த இடங்கள் சதுரம் சதுரமாக உடையும், இருட்டில் படிப்படியாகக் கோடு விழும். மென்மையாகக் கரைய வேண்டியது தத்தித் தத்தி மாறும்போது பார்வையாளர் கனவிலிருந்து எழுந்துவிடுகிறார். ப்ளூரே அல்லது டிசிபி (திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதி) கிடைத்தால் மட்டும் பொதுத் திரையிடலுக்கு எடுங்கள். வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை 25 ஃபிரேமில் ஓட்டும் பழைய டிவி நகல் வேண்டாம். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் ஓடி முடிவதோடு, குரல்களின் சுருதியும் ஏறிவிடும். அந்தக் குழந்தையின் பாட்டு கார்ட்டூன் குரலாகும்.

ஒலிக்கு வருவோம். இந்தப் படத்தை அறிந்தவர்கள் முதலில் சொல்வது கோபுரக் காட்சியைத்தான். பட்டப்பகல். மிஸ் கிடன்ஸ் தோட்டத்தில் வெள்ளை ரோஜாக்களைக் கத்தரிக்கிறாள். சுற்றிலும் பறவைகளும் பூச்சிகளும் கத்திக்கொண்டிருக்கின்றன. செடிகளுக்கு நடுவே ஒரு கற்சிலை, அதன் வாயிலிருந்து ஒரு கருவண்டு ஊர்ந்து வெளியே வருகிறது. அந்த நேரத்தில் சத்தம் வடிந்துபோகிறது. இசை எழவில்லை, கதவு அறையவில்லை, பறவைகள் மட்டும் இல்லாமல் போகின்றன. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். கோபுரத்தின் உச்சியில், வெயில் கண்ணைக் கூசும் இடத்தில், ஓர் ஆணின் உருவம். கத்தரிக்கோல் கைநழுவித் தண்ணீரில் விழுகிறது. பிறகு உலகத்தின் சத்தம் திரும்ப வந்துவிடுகிறது. அவள் மேலே ஏறிப் போனால் அங்கே புறாக்களோடு சிறுவன் மைல்ஸ் இருக்கிறான், வேறு யாரும் இல்லை.

இதில் பயமுறுத்துவது அந்த மௌனம். மௌனம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பயம். டிவியிலும் சவுண்டுபாரிலும் ஒலியைச் சமப்படுத்துகிற ஒரு வசதி இருக்கிறது. இரவுப் பயன்முறை என்றும் அதற்குப் பெயர் உண்டு. அது மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கும். கோபுரக் காட்சியில் பறவைகள் அடங்கியதும் அந்தக் கருவி பதறிப்போய் பின்னணியின் இரைச்சலை மேலே ஏற்றும். மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ஸ் என்ற சத்தம் வந்து உட்காரும். அதை அணைத்துவிடுங்கள். படம் ஒற்றைத்தட ஒலியில் எடுக்கப்பட்டது. நடு ஸ்பீக்கரில் மட்டும் வரட்டும், சரவுண்டாக விரிக்க வேண்டாம். ஒலி அளவைச் சாதாரணமாகப் பேசும் ஒரு காட்சியில் வைத்துச் சரிசெய்துவிட்டு, அதன்பின் கையை எடுத்துவிடுங்கள். "சத்தமே கேட்கலையே" என்று யாராவது எழுந்து வந்தாலும் ஏற்றாதீர்கள். முடிந்தவரை மின்விசிறி ஓடாத அறையாக இருக்கட்டும். நம் ஊர் வெக்கையில் அது பெரிய கோரிக்கை என்று தெரியும். ஆனால் ஏசி முன்கூட்டி ஓடி அறை குளிர்ந்திருந்தால், படம் முழுவதும் அதைக் குறைந்த வேகத்தில் வைத்திருக்க முடியும்.

டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும், காட்சிக்கு ஏற்பத் தானாக வெளிச்சத்தை மாற்றும் வசதியையும் அணைப்பது பற்றித் தங்கள் இதழிலேயே முன்பு எழுதியிருப்பார்கள். இங்கே அதைச் சொல்லிவிட்டு மட்டும் நகர்கிறோம். இடைவேளை பற்றியும் ஒரே வரி: 100 நிமிடப் படத்துக்கு வேண்டவே வேண்டாம், கேன்டீன் வருமானம் படம் தொடங்கும் முன்பே வரட்டும்.

நாங்கள் மிக அதிகமாகக் கவலைப்படுவது சப்டைட்டில் பற்றி. காது கேளாதோருக்கான வரிகளில் ஒலிகளும் எழுதப்படும். அது அவசியமான பணி. ஆனால் எழுதுகிறவர் "பேய் சிரிக்கும் ஒலி" என்று போட்டுவிட்டால், இயக்குநர் கடைசி வரை சொல்லாத தீர்ப்பைச் சப்டைட்டில் சொல்லிவிடுகிறது. "சிரிப்பொலி" என்று நிறுத்தினால் போதும். எங்கிருந்து, யாருடையது என்று கேட்பவருக்கே தெரியாதபோது படிப்பவருக்கும் தெரிய வேண்டாம். இன்னொன்று, வரி குரலுக்கு முன்னால் வரக்கூடாது. அரை வினாடி முந்தினாலும் அதிர்ச்சி கண்ணில் படித்த செய்தியாகிவிடும். எழுத்து பளிச்சென்ற வெள்ளையில் வேண்டாம், வெளிர் சாம்பலில் இருக்கட்டும், டிவியில் என்றால் கீழ்ப் பட்டைக்குள். மெழுகுவர்த்திக் காட்சியில் திரையிலேயே பிரகாசமான பொருள் சப்டைட்டிலாக இருப்பது கொடுமை.

தமிழில் வரி எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் "பேய் வந்தது" என்போம், "ஆள் வந்தான்" என்போம். திணையிலேயே தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. குவின்ட்டைப் பற்றி கிடன்ஸ் பேசும்போது "அது அங்கே நின்றது" என்று எழுதினால், அவள் அவனைப் பேய் என்று முடிவுகட்டிவிட்டாள் என்று ஆகும். முதல் சில முறை அவள் யாரோ அந்நிய ஆள் என்றுதான் நினைக்கிறாள். கடைசி வரைக்கும் "அவன்", "அவள்" என்றே எழுத வேண்டும்.

மரியாதையும் அப்படித்தான். மூலக் குறுநாவலின் கடைசிப் பக்கத்தில் மைல்ஸ் குவின்ட்டின் பெயரைச் சொல்லி, "பிசாசு" என்று ஒரு வசையும் கத்துகிறான். குவின்ட்டைத் திட்டுகிறானா, தன்னைப் பிடித்து உலுக்கும் ஆசிரியையைத் திட்டுகிறானா என்று நூறு வருடமாகச் சண்டை நடக்கிறது. "நீ ஒரு பிசாசு" என்று தமிழில் எழுதினால் வேலைக்காரனைச் சொல்கிறான் என்று ஆகிவிடும். "நீங்கள்" என்றால் ஆசிரியையை. இரண்டையும் விட்டுவிட்டு "பிசாசே!" என்று விளித்தால் மட்டுமே முள் நடுவில் நிற்கும். குறுநாவலையோ அதன் படங்களையோ தமிழுக்குக் கொண்டுவருகிற எவரும் இந்த ஒரு சொல்லுக்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்தாலும் தகும்.

தராசை எவ்வளவு கவனமாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு இரண்டு இடங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரணில் கிடன்ஸுக்குக் குவின்ட்டின் சிறிய உருவப்படம் கிடைக்கிறது. அதன்பிறகுதான் ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் இருட்டிலிருந்து அவன் முகம் மெல்ல நெருங்கி வந்து, மெல்லப் பின்வாங்குகிறது. குறுநாவலில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடையாளம் சொல்கிறாள், உருவப்படம் எதையும் முன்பு பார்த்ததில்லை. திரைக்கதையில் வரிசையை மாற்றியதால், உருவப்படத்தில் பார்த்த முகத்தை மனம் ஜன்னலில் வரைந்துகொண்டதோ என்ற சந்தேகம் நுழைந்துவிட்டது. பேய் தெரியும் இடங்களில் பெரும்பாலும் முதலில் வருவது அவள் முகம், பிறகே அவள் பார்த்தது. இதுவும் அதே சந்தேகத்துக்கு உரம். இவ்வளவும் சேர்த்து, எல்லாம் அவள் மனம்தான் என்று நாம் சாயப்போகும்போது, பாட அறையில் ஜெசெல் குனிந்து அழுகிறாள், மறைகிறாள். கிடன்ஸ் அருகே போனால் சிலேட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர், ஈரமாக. மனம் வரைந்த உருவம் ஈரத்தை விட்டுப் போகுமா? அந்தச் சொட்டு மங்கலான திரையில் தெரியாது. அதற்காகத்தான் மேலே அத்தனை எண்களையும் எழுதினோம்.

நாயகி டெபரா கெர்ருக்குப் படப்பிடிப்பின்போது வயது 39. கதையில் ஆசிரியைக்கு 20. சின்னப் பெண் என்றால் பயந்து உளறுகிறாள் என்று எளிதில் தள்ளிவிடுவோம். முதிர்ந்த, நம்பத்தகுந்த அந்த முகத்தைத் தள்ள முடியவில்லை. எங்கள் பார்வையில் இதுதான் படத்தின் மிகச் சரியான முடிவு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு படத்துக்கும் ஓர் எச்சரிக்கை: ராபர்ட் வைஸ் 1963-இல் எடுத்த 'தி ஹாண்டிங்'. அதற்கு அவர் லென்ஸ் நிறுவனமான பனாவிஷனிடமிருந்து, இன்னும் பக்குவப்படாத, ஓரங்களை வளைத்துக் காட்டும் 30 மி.மீ. லென்ஸைக் கேட்டு வாங்கினார். சுவரும் தூணும் வளைவது வேண்டுமென்றே செய்தது. கோடுகள் நேராக இல்லையே என்று புரொஜெக்டரில் கோணலான பிம்பத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தத்தைத் தொடாதீர்கள். அதைத் தொட்டால் கூர்மையும் போகும். புரொஜெக்டரையே திரைக்கு நேராக வையுங்கள்.

தங்களிடம் கேட்பது இரண்டு. திரையிடல் அறிவிப்புகளை அச்சிடும்போது படத்தின் நேரம், அகல விகிதம், இடைவேளை உண்டா, எந்த மொழியில் சப்டைட்டில் என்ற நான்கையும் ஒரே வரியில் சேருங்கள். அமைப்பாளர்களிடம் இவற்றைக் கேட்டாலே அவர்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார்கள். அடுத்து, இந்த வகைப் படங்களுக்கு விமர்சனம் வரும்போது, "பேய் நிஜம்" என்றோ "எல்லாம் அவள் மனப்பிரமை" என்றோ தலைப்பில் போடவேண்டாம். கட்டுரைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். தலைப்பு டீக்கடையில் கண்ணில் படுகிறது, படம் பார்க்கப் போகிறவரும் அங்கேதான் நிற்கிறார்.

இப்படிக்கு,
திரையிடலிலும் சப்டைட்டில் பணியிலும் இருக்கும் வாசகர்கள் சிலர்,
மதுரை